ஜப்பான்காரன் காலத்து தோட்டத்து குடும்பம்: நாவல் எழுதிட்டு இருக்கேன், எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க

கித்தாக்காட்டான்

வணக்கம் மக்களே. இங்க படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்குதான் இழை திறக்குறேன். மலாயாவுல ஜப்பான்காரன் ஆட்சி நடந்த மூணரை வருசத்த வச்சு ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன். பேராக்ல கம்பார் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டம், தோட்டம் கற்பனை ஊர் நிஜம். 1941 டிசம்பர்ல பினாங்குல குண்டு விழுந்த சேதி வர்றதுல தொடங்கி 1945 செப்டம்பர்ல வெள்ளக்காரன் திரும்பி வர்றதோட முடியுது.

குடும்பம் இதுதான். அப்பா தண்டல், அதாவது தோட்டத்துல வேலை வாங்குற மேஸ்திரி. அம்மா பால் வெட்டுறவங்க. மூத்தவனுக்கு 19, சயாம் (தாய்லாந்து) பர்மா ரயில் பாதை போடுற வேலைக்கு போறான். மகளுக்கு 16, நேதாஜியோட ஐஎன்ஏல (இந்திய தேசிய ராணுவம்) பொம்பளைங்க படையான ஜான்சி ராணி படையில சேருது. கடைசி பையனுக்கு 9, ஜப்பான் பள்ளிக்கூடத்துல அவங்க தேசிய கீதம் கிமிகாயோ பாடுறான். அம்மாவோட தம்பி ஆபீஸ்ல சின்ன கிராணி (குமாஸ்தா), அவன்தான் ரயிலுக்கு ஆள் புடிச்சி குடுக்கறவன், வில்லன்னு வச்சுக்கங்க. அம்மாவுக்கு அண்ணன் முறை ஒருத்தர் காட்டுல கெரில்லாக்களுக்கு அரிசி கடத்துறார்.

முன்னூறு பக்கம் தாண்டியாச்சு. படிச்ச நண்பர்கள் ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொல்றாங்க, "எல்லாம் நடக்குது, ஆனா வீடு தெரியல". இதுக்கு என்ன பண்றதுன்னு புரியல. தாளிச்சு எடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

பழுப்புக்காகிதம்

வாழ்த்துக்கள் தோழர். வீடு ஏன் தெரியலன்னு உங்க பதிவுலயே இருக்கே. ஆளுக்கு ஒரு டிபார்ட்மெண்ட் குடுத்து வச்சிருக்கீங்க. மூத்தவன் ரயில், பொண்ணு ஐஎன்ஏ, சின்னவன் கல்வித்துறை, மாமன் ஆள்சேர்ப்பு, பெரிய மாமன் கெரில்லா. பாடபுத்தகத்துல அந்த காலத்துக்கு என்னென்ன தலைப்பு இருக்கோ அத்தனைக்கும் வீட்லருந்து ஒரு பிரதிநிதி. அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் எந்த துறையும் இல்லாம இருக்காங்க, அதனாலயே அவங்க ரெண்டு பேரும் பேசுற இடம்தான் நல்லா வந்திருக்கும்னு படிக்காமலே பந்தயம் கட்டுறேன்.

நான் கையெழுத்துப்பிரதிகள் படிச்சு கருத்து சொல்ற வேலையில இருந்தவன். வரலாற்று நாவல்னு வர்றதுல முக்காவாசிக்கு இந்த வியாதி. சம்பவம் வரிசையா வரும், ஒவ்வொண்ணுக்கும் குடும்பத்துல ஒருத்தர் போய் அட்டெண்டன்ஸ் போட்டுட்டு வருவார். ஆக்கிரமிப்புக்குள்ள வாழ்ந்த குடும்பத்துக்கு பெரும்பாலான நாள் எந்த சம்பவமும் இல்ல. அரிசி இல்ல, உப்பு இல்ல, தீப்பெட்டி இல்ல, வாசல்ல பூட்ஸ் சத்தம் கேட்டா மூச்ச புடிச்சிக்கணும், அது நம்ம வாசல தாண்டி போச்சுன்னா அடுத்த வீட்டுக்காரன நெனச்சு ஒரு நிமிசம் நிம்மதி, அப்பறம் அந்த நிம்மதிக்காக ஒரு கூச்சம். இதான் அந்த மூணரை வருசம். பாதி கேரக்டர வெட்டுங்க. முதல்ல பெரிய மாமன வெட்டுங்க.

சுங்கை மழை

நான் மலேசியா. எங்க பாட்டி அந்த காலத்துல பன்னெண்டு பதிமூணு வயசு பொண்ணு, தோட்டத்துலதான். அவங்க கதை சொல்றப்ப ஜப்பான்காரன் ரொம்ப கொஞ்சமாத்தான் வருவான் அண்ணே. மரவள்ளிக்கிழங்குதான் முழுக்க வரும். பர்மா அரிசியும் சயாம் அரிசியும் தின்னு வளர்ந்த தோட்டம், கப்பல் நின்னதும் ரேஷன் மாசத்துக்கு மாசம் கொறஞ்சிட்டே போச்சு. லயத்துக்கு (தொழிலாளிங்க வரிசை வீடு) பின்னால, சடக்கு (ரோடு) ஓரம், எங்க பாத்தாலும் மரவள்ளி. அவிச்சு, சீவி காயவச்சு, இடிச்சு மாவாக்கி ரொட்டி தட்டி. அதுல கசப்பு கிழங்கு ஒண்ணு இருக்கு, பெருசா வெளையும், ஆனா துருவி தண்ணில போட்டு புழிஞ்சு ஊத்தாம தின்னா விஷம். பசி பொறுக்காத புள்ளைங்க சரியா வேகாத கிழங்க தின்னுட்டு வாந்தி எடுத்து கெடந்தத பாட்டி சொல்வாங்க. உங்க நாவல்ல அம்மா அந்த புழிஞ்ச தண்ணிய எங்க ஊத்துறாங்கன்னு எழுதுங்க, கோழி குடிச்சிடாம தள்ளி கொண்டு போய் ஊத்தணும். வீடு தானா தெரியும்.

துணி அடுத்தது. சாக்க வெட்டி கால்சட்டை தைப்பாங்க, தைக்க நூலுக்கு அன்னாசி இலை நாரு. ஒரு வீட்ல நல்ல சீலை ஒண்ணுதான் இருக்கும், வெளிய போறவங்க கட்டிட்டு போவாங்க, மத்தவங்க அவங்க வர்ற வரைக்கும் உள்ள. உங்க அம்மாவும் பொண்ணும் ஒரே நேரத்துல வெளிய வர்ற சீன் எத்தன இருக்குன்னு பாருங்க, 1944க்கு அப்பறம் அப்படி எழுதியிருந்தா எங்க பாட்டி நம்ப மாட்டாங்க.

போர்ப்பைத்தியம்

சுங்கை மழை அக்கா சொன்னதுக்கு மேல நான் தேதி மட்டும் போடுறேன், எனக்கு அதான் தெரியும்.

1) பினாங்கு மேல பெரிய குண்டுவீச்சு 1941 டிசம்பர் 11. அதுக்கப்பறம் வெள்ளக்காரங்கள மட்டும் ராத்திரியோட ராத்திரியா கப்பல் ஏத்திட்டு போயிட்டாங்க, ஆசியாக்காரங்கள விட்டுட்டு. 19ஆம் தேதி ஜப்பான்காரன் உள்ள வந்துட்டான். இந்த சேதிதான் தோட்டத்துல நெஜமான இடி. குண்டு விழுந்தது கூட இல்ல, தொரை நம்மள விட்டுட்டு ஓடிடுவான்ங்கறது.

2) கம்பார்ல நெஜமாவே சண்டை நடந்துச்சு, டிசம்பர் 30ல இருந்து ஜனவரி 2 வரைக்கும். பீரங்கி சத்தம் உங்க தோட்டத்துக்கு கேட்டே ஆகணும், முதல் அத்தியாயங்கள்ல அது இருக்கா? அப்பறம் கோலாலம்பூர் ஜனவரி 11, சிங்கப்பூர் பிப்ரவரி 15. மொத்த மலாயாவும் எழுபது நாள்ல போச்சு.

3) ஆட்சி மாறினதும் கடிகாரத்த டோக்கியோ நேரத்துக்கு மாத்தினாங்க, ஒன்றரை மணி நேரம் முன்னால. சூரியன் உதிக்கறப்ப கடிகாரத்துல எட்டு தாண்டியிருக்கும். வருசமும் ஜப்பான் கணக்குக்கு மாறிச்சு, 1942ங்கறது 2602. 1943ல "காலை அஞ்சரைக்கு பெரட்டு"ன்னு (வேலைக்கு முன்ன நிக்க வச்சு பேர் கூப்புடுறது) எழுதினா அது பழைய நேரத்துக்கு நாலு மணி. ஆனா ரப்பர் மரம் டோக்கியோ நேரத்துக்கு பால் விடாது, வெயில் ஏறுறதுக்கு முன்ன வெட்டியாகணும், அதனால தண்டல் மனசுக்குள்ள ரெண்டு நேரம் ஓடும். இத யாரும் நாவல்ல பெருசா உபயோகப்படுத்தி நான் பாக்கல.

4) இதுதான் முக்கியம். ரயிலுக்கு ஆள் எடுத்தத முதல் நாள்லயே துப்பாக்கிய நீட்டி இழுத்துட்டு போன மாதிரி எழுதாதீங்க. போரால அமெரிக்கா, பிரிட்டன் மார்க்கெட் போச்சு, ரப்பருக்கு வாங்குறவன் இல்ல, ஜப்பானுக்கு மலாயாவுல வெளையற அளவு ரப்பர் தேவையும் இல்ல. தோட்டம் தோட்டமா வேலை நின்னுச்சு. வேலை நின்னா தோட்டத்துல ரேஷனும் இல்ல. அந்த பட்டினிக்கு நடுவுல வந்து, மூணு மாசம் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்), சாப்பாடு, தங்க எடம், முடிஞ்சதும் திரும்பி வரலாம்னு சொன்னா பையன் போகத்தான் செய்வான். ஆரம்பத்துல போனவங்க நெறைய பேர் தானா போனவங்க. மூணு மாசம் ஆச்சு, ஆறு மாசம் ஆச்சு, ஒருத்தனும் வரல, கடுதாசியும் இல்ல, அப்பத்தான் சந்தேகம் வந்து ஆள் கெடைக்கல. அதுக்கப்பறம்தான் கட்டாயம், தோட்டத்துக்கு இத்தனை தலைன்னு கணக்கு, ஊர்ல ஓசி படம் காட்டுறேன்னு கூட்டி கதவ சாத்தி அள்ளிட்டு போன கதையெல்லாம்.

உங்க மூத்தவன் எந்த கட்டத்துல போறான்? தானா போனானா, எடுத்துட்டு போனாங்களா? குடும்பத்துக்குள்ள இருக்கற குத்தஉணர்ச்சி அத பொறுத்துதான் மாறும்.

கித்தாக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. கம்பார் சண்டை இருக்கு, லயத்துக்காரங்க ரெண்டு நாள் ரப்பர் காட்டுக்குள்ள படுத்து கெடக்குறாங்க. கடிகாரம் விசயம் தெரியும் ஆனா ஒரே வரில தாண்டி போயிட்டேன், பெருசாக்குறேன்.

மூத்தவன் 1943 தொடக்கத்துல போறான், கட்டாயமா. கிராணி மாமா அவன் பேர பட்டியல்ல சேர்த்துடறான், பழைய நிலத்தகராறு ஒண்ணு இருக்கு ரெண்டு குடும்பத்துக்கும், அதுக்கு பழிவாங்குறான்.

மூணாவது லயம்

தம்பி, தோட்டத்துல பொறந்தவன் நான். ஒரு விசயம் இடிக்குது. தண்டல் பொண்டாட்டியோட தம்பி ஆபீஸ்ல கிராணியா? அந்த காலத்துல ஆபீஸ்ல உக்காந்தவங்க பெரும்பாலும் மலையாளத்தாருங்க, யாழ்ப்பாணத்தாருங்க, இங்கிலீஷ் படிச்ச ஆளுங்க. லயத்துக்காரன் ஆபீஸ் அஞ்சடிக்கு (வராந்தா) கீழ செருப்ப கழட்டிட்டு நிப்பான். ஒண்ணு ரெண்டு பேர் படிச்சு ஏறியிருக்கலாம், இல்லன்னு சொல்லல, ஆனா நீங்க அத சொல்லாம விட்டா தோட்டத்து ஆளு ரெண்டாவது பக்கத்துலயே புத்தகத்த மூடிடுவான்.

நிலத்தகராறுன்னு வேற சொல்றீங்க. தோட்டத்துல யாருக்குய்யா நிலம்? லயம் தொரையோடது, மரம் தொரையோடது, செத்தா பொதைக்கற எடமும் தொரையோடது.

பழுப்புக்காகிதம்

மூணாவது லயம் ஐயா சொன்னத அப்படியே புடிச்சிக்கறேன், ஏன்னா நாவலோட முடிச்சு இங்கதான் அவிழுதுன்னு தோணுது.

கிராணிய வில்லன் ஆக்கினா என்ன ஆகுது? கெட்டவன் வெளிய போயிட்டான். குடும்பம் சுத்தமா இருக்கு. பழிவாங்கறதுக்கு ஒரு காரணமும் குடுத்தாச்சு, வாசகனுக்கு கோவப்பட ஒரு மூஞ்சி கெடைச்சாச்சு, நிம்மதியா பக்கத்த திருப்பலாம். ஆக்கிரமிப்பு அப்படி வேலை செய்யல. அங்க ஒரு ஜப்பான் ஆபீசர் வந்து ஒவ்வொரு லயமா கதவ தட்டி ஆள் எடுக்கல, அவனுக்கு யார் வீட்ல எத்தன ஆம்பளன்னு தெரியாது. அவன் நம்பர் மட்டும் சொல்வான், முப்பது தலை, வர்ற திங்கக்கிழமை. அந்த முப்பது யாருன்னு நம்ம ஆளுதான் எழுதணும். ஆபீஸ்ல நம்பர் வரும், ஆனா பெரட்டுல நின்னு பேர் கூப்புடுறது யாரு? தண்டல். யாருக்கு காய்ச்சல், யாருக்கு மூணு பொண்ணு, யாரு ஒண்டிக்கட்டை, யாரு வாய் பேசறவன், எல்லாம் தெரிஞ்சவன் யாரு? தண்டல்.

உங்க நாயகனோட அப்பா தண்டல்! அந்த பட்டியல் அவர் வீட்டுக்குள்ள வரணும். அவர் அடுப்பு வெளிச்சத்துல உக்காந்து, எழுத தெரியாட்டி சின்ன பையன வச்சு எழுதணும். ஜப்பான் பள்ளிக்கூடத்துல படிக்கற பையன், அவனுக்கு அது டிக்டேஷன். அப்பா சொல்லச்சொல்ல அவன் எழுதறான், கூட விளையாடுற பசங்களோட அப்பா பேரெல்லாம். சொந்த மூத்த மகன் பேர் வர்ற எடத்துல அவர் நிறுத்துவாரா மாட்டாரா? கிராணி மாமாவ தூக்கிடுங்க, தேவையே இல்ல.

வைகைக்கரை வாசகி

ஐயோ அந்த டிக்டேஷன். அந்த ஒரு சீனுக்காக நான் புத்தகம் வாங்குவேன்.

அவர் மகன் பேர முதல்ல விட்டுடுறார்னு வச்சுக்கோங்க. முப்பது பேர் போறாங்க. மூணு மாசம் வரைக்கும் பெருசா ஒண்ணும் தெரியாது, சம்பாதிக்க போயிருக்கான்னுதான் நெனப்பாங்க, சிலபேர் "எம்புள்ள பேர ஏன் சேர்க்கல"ன்னு தண்டல்கிட்ட சண்டைக்கே வந்திருப்பாங்க! அப்பறம்தான் யாரும் திரும்பல. அப்பறம்தான் அந்த வீட்டு பையன் மட்டும் தோட்டத்துல நடமாடுறது மத்தவங்க கண்ணுல குத்த ஆரம்பிக்கும். பேச்சு வேணாம், பக்கத்து வீட்டம்மா தெனம் சாயங்காலம் தேங்காமட்டையில நெருப்பு வாங்க வருவாங்க, தீப்பெட்டி கெடைக்காத காலம்ல. ஒரு நாள்லருந்து வர மாட்டாங்க. நாலு வீடு தள்ளி போய் வாங்கிட்டு, கைல காத்து படாம பொத்திகிட்டு, இவங்க வாசல தாண்டி போவாங்க. அம்மா அத பாத்துட்டு இருக்கணும். ரெண்டாவது பட்டியல் வர்றப்ப மூத்தவன் தானா பேர் குடுக்கறான்னா எனக்கு முழுசா புரியும்.

கித்தாக்காட்டான்

இத படிச்சிட்டு வெளிய போய் ஒரு சுத்து நடந்துட்டு வந்தேன். கிராணி மாமா தொண்ணூறு பக்கம் இருக்கார். போகட்டும்.

மூணாவது லயம்

எல்லாரும் கை தட்டுறீங்க, நான் ஒத்துக்க மாட்டேன். எங்க தாத்தாவோட கூடப்பொறந்தவரு அந்த ரயிலுக்கு போயி வரல. அவர் பேர கூப்பிட்டவன் யாருன்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும், அந்த குடும்பத்தோட இன்னைக்கும் நாங்க சம்பந்தம் பண்றதில்ல. தண்டலுக்கு அடுப்பு வெளிச்சம், கண்ணீர், மனப்போராட்டம்னு எழுதி எழுதி கடைசில வாசகன் "பாவம் அவரும் என்ன பண்ணுவாரு"ன்னு சொல்ற மாதிரி ஆயிடும். அவர் பாவம்னா அந்த முப்பது பேர் என்ன? தண்டல் அந்த காலத்துல சும்மா இல்ல, பட்டியல்ல பேர் வராம இருக்க கோழி வாங்கினவன் இருக்கான், நகை வாங்கினவன் இருக்கான், அதுக்கு மேல வாங்கினவனும் இருக்கான். அதையும் எழுதுவீங்களா, இல்ல உங்க நாயகனோட அப்பா மட்டும் உத்தமரா?

பழுப்புக்காகிதம்

ஐயா, எழுதணும். உத்தமரா இருந்தா நாவல் செத்துச்சு. கோழி வாங்கட்டும். பசில இருக்கற வீட்டுக்குள்ள அந்த கோழி வரட்டும், அம்மா கேக்காம சமைக்கட்டும், புள்ளைங்க சாப்பிடட்டும். புரிஞ்சுக்கறதும் மன்னிக்கறதும் வேற வேற, நாவலாசிரியன் முதல் வேலைய செஞ்சா போதும், ரெண்டாவது உங்கள மாதிரி ஆளுங்களோட உரிமை.

மூணாவது லயம்

கோழி வந்தா சரி. கோழி குடுத்தவன் வீட்டு கதையும் வரணும்.

போர்ப்பைத்தியம்

ரயில் பக்கம் எவ்வளவு எழுதியிருக்கீங்கன்னு சொல்லலையே. என் கருத்து, அங்க கதைய கொண்டு போகவே கூடாது. 415 கிலோமீட்டர், பான் போங் பக்கத்துலருந்து பர்மாவுல தன்பியூசயாட் வரைக்கும், மலையும் காடும். 1942 நடுவுல தொடங்கி 1943 அக்டோபர்ல ரெண்டு பக்கமும் இணைச்சாச்சு. 1943 மழைக்காலத்துல காலரா புகுந்து கூட்டம் கூட்டமா செத்தாங்க. வெள்ளக்கார போர்க்கைதிங்க அறுபதாயிரம் பேர் கிட்ட, அதுல பன்னெண்டாயிரத்து சொச்சம் பேர் செத்தாங்க. ஆசிய தொழிலாளிங்க ரெண்டு லட்சத்துக்கு கிட்ட, அதுல செத்தது தொண்ணூறாயிரம்னு ஒரு மதிப்பீடு. மலாயாலருந்து மட்டும் எழுபத்தஞ்சாயிரம் போல, பெரும்பாலும் தமிழ் தோட்டத்து ஆளுங்க.

ஏன் இந்த வித்தியாசம்? கைதிங்ககிட்ட அவங்க ஆபீசர் இருந்தான், ராணுவ டாக்டர் இருந்தான், தண்ணிய கொதிக்க வச்சு குடிக்கணும்னு கட்டளை போட ஆள் இருந்துச்சு, யார் செத்தான்னு ஒளிச்சு வச்சு எழுதினவனும் இருந்தான். நம்ம ஆளுங்ககிட்ட அது ஒண்ணும் இல்ல. காஞ்சனபுரில போர்க்கல்லறை இருக்கு, கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லு, புல்லு வெட்டி, வரிசையா, பேரோட. நம்மாளுக்கு அப்படி ஒரு வரிசை கெடையாது.

அதனால அம்மாவுக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் வாசகனுக்கும் தெரியணும். போனான், சேதி இல்ல. ரயில் காட்சிகள் வேற நாவல்கள்ல நெறைய வந்தாச்சு. உங்களோடது தோட்டத்துல மிச்சம் இருந்தவங்க கதை.

கித்தாக்காட்டான்

ரயில் பகுதி நூறு பக்கத்துக்கு மேல இருக்கு சார். அதுக்குத்தான் ரொம்ப உழைச்சேன். வெட்டுறது கஷ்டம், ஆனா நீங்க சொல்றது மண்டையில ஏறிடுச்சு. பொண்ணு பகுதிய விட்டுக்குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

சுங்கை மழை

பொண்ண விடாதீங்க அண்ணே. ஆனா ஏன் சேர்ந்துச்சுன்னு யோசிச்சு எழுதுங்க. நேதாஜி பேச்ச கேட்டு கண்ணு கலங்கி சேர்ந்துச்சுன்னு மட்டும் எழுதினா பாதிதான். பேச்சும் உண்டுதான், அந்த ஆளு மேடையில நின்னா கழுத்துல கெடந்தத கழட்டி போட்டவங்க எத்தன பேர். ஆனா தோட்டத்து பொண்ணுக்கு அங்க வேற சிலதும் இருந்துச்சு. முழு உடுப்பு. ரெண்டு வேளை சோறு. பேர் சொல்லி கூப்பிட்டு மரியாதையா பேசற, படைக்கு தலைவியான கேப்டன் லட்சுமி மாதிரி பெரிய வீட்டு டாக்டரம்மா. கங்காணி கண்ணுக்கு பயந்துட்டு மரம் வெட்டுன பொண்ணு கைல துப்பாக்கி. எங்க பாட்டியோட அக்கா ஒருத்தங்க போனாங்க, அவங்கள கடைசி வரைக்கும் கேட்டா சண்டைய பத்தி சொல்ல மாட்டாங்க, சீருடை கால்சட்டைல பாக்கெட் இருந்துச்சுன்னு சொல்லி சிரிப்பாங்க.

இன்னொண்ணு, வீட்ல இந்திய சுதந்திர லீக் கார்டு இருந்தா, புள்ள படையில இருந்தா, ஜப்பான்காரன் கொஞ்சம் தள்ளி நிப்பான்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. ரயிலுக்கு போறதுக்கு பதிலா படைக்கு போன ஆம்பளைங்களும் உண்டு. அண்ணன கொண்டு போனவன் கூட்டாளியா இருக்கற படையில தங்கச்சி. அத அந்த பொண்ணு நெனைக்காம இருந்திருக்குமா?

போர்ப்பைத்தியம்

தேதி ஒண்ணு ஒத்துப்போகுது பாருங்க. நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலை 2. ஆசாத் ஹிந்த் அரசாங்கம் அறிவிச்சது அக்டோபர் 21, அதுக்கு மறுநாள் ஜான்சி ராணி படையோட பயிற்சி முகாம் சிங்கப்பூர்ல திறக்குறாங்க. சயாம் பாதையில ரெண்டு பக்க தண்டவாளமும் இணைஞ்சது அக்டோபர் 17. ஒரே வாரம்! உங்க பொண்ணு சிங்கப்பூர்ல பயிற்சில நிக்கறப்ப அவ அண்ணன் வேலை செஞ்ச பாதை முடிஞ்சு போச்சு. ஆனா அவன் திரும்ப மாட்டான், பாதை முடிஞ்சதும் எல்லாரையும் அனுப்பல, பராமரிப்புக்குன்னு நெறைய பேர அங்கயே வச்சுகிட்டாங்க, அப்பறம் நேச நாட்டு விமானங்க வந்து அந்த பாதை மேலயே குண்டு போட்டுச்சு. 1944ல படையில ஒரு பகுதி பர்மாவுக்கு போகுது. பொண்ணு அந்த வழியா போறப்ப...

பழுப்புக்காகிதம்

போர்ப்பைத்தியம் சார், நிறுத்துங்க! அண்ணனும் தங்கச்சியும் ஸ்டேஷன்ல பாத்துக்கறாங்கன்னு சொல்ல வர்றீங்க. சினிமா. வேணாம்.

போர்ப்பைத்தியம்

பாத்துக்க வேணாம், பாதை மட்டும்தான் சொல்ல வந்தேன் 😄 சரி விடுங்க.

வைகைக்கரை வாசகி

எனக்கு வேற ஒரு கேள்வி. இந்த மொத்த இழையில ஒரு சீனக்குடும்பம் கூட வரலையே? கம்பார் வெள்ளீயம் தோண்டுற ஊரு, சீனங்க நெறைஞ்ச ஊரு. தோட்டத்துக்கு சாமான் கடன் குடுத்த சீனன் கடை இருந்திருக்கும்ல? சிங்கப்பூர் விழுந்த மூணாவது நாள் பிப்ரவரி 18ல இருந்து சீன ஆம்பளைங்கள வரிசையா நிக்க வச்சு பொறுக்கி எடுத்து கடற்கரைல கொண்டு போய் கொன்னாங்க, மலாயா உள்ளயும் கிராமம் கிராமமா நடந்திருக்கு. நம்ம ஆளுங்கள ஆரம்பத்துல அப்படி நடத்தல, இந்தியாக்காரன்னா விட்டுடுவான்னு ஒரு நெனப்பு. அந்த கடைக்காரர் குடும்பம் காணாம போனப்ப தண்டல் வீட்ல என்ன பேசினாங்க? பற்றுப்புத்தகம் அவரோட போச்சு, கடனும் போச்சு, அந்த சந்தோசத்த வெளிய சொல்ல முடியுமா? வெள்ளக்காரன் ஓடினதுக்கும் ஜப்பான்காரன் வந்ததுக்கும் நடுவுல கடைங்கள சூறையாடுனாங்க, அந்த கடை தராசு இவங்க வீட்டு மூலையில இருந்தா? பின்னாடி அதே தராசுல மரவள்ளி மாவு நிறுத்து விக்கறாங்கன்னா?

கித்தாக்காட்டான்

சீனன் கடை ஒரு அத்தியாயத்துல வருது, ஆனா வேடிக்கையான பாத்திரமா, தமிழ் கொச்சையா பேசுறவரா. தராச எடுத்துக்கறேன் மேடம், அனுமதியோட.

வைகைக்கரை வாசகி

எடுத்துக்கோங்க. கொச்சைத்தமிழ் காமெடிய விட்டுருங்க, அது போதும் எனக்கு.

கித்தாக்காட்டான்

முடிவு பத்தி கேக்கணும். இப்போதைக்கு இப்படி இருக்கு: ஆகஸ்ட் 15, ஜப்பான் சரணடைஞ்ச சேதி ரேடியோல, லயத்துல எல்லாரும் வெளிய ஓடி வந்து ஆடுறாங்க, அம்மா மட்டும் சடக்க பாத்துகிட்டு நிக்கறாங்க. சுபம் போட்டுடலாம்னு.

போர்ப்பைத்தியம்

ரேடியோ எங்கருந்து வந்துச்சு? ரேடியோவையெல்லாம் வெளிநாட்டு சேதி கேக்க முடியாதபடி சீல் வச்சிட்டாங்க, மீறி கேட்டா தலை போகும். தோட்டத்துக்கு சேதி கசிஞ்சுதான் வரும், அதுவும் நாள் கழிச்சு. அதுக்கு மேல, ஆகஸ்ட் 15 அன்னைக்கு தோட்டத்துல ஒண்ணுமே மாறல, ஜப்பான் சிப்பாய் துப்பாக்கியோடதான் நிக்கறான். வெள்ளக்காரன் பினாங்குக்கு வந்தது செப்டம்பர் 3, மோரிப் கரையில பெரும்படை எறங்கினது செப்டம்பர் 9, சிங்கப்பூர்ல கையெழுத்து 12. நடுவுல இருக்கற அந்த வாரங்கள்ல காட்டுலருந்து மூணு நட்சத்திர தொப்பிக்காரங்க, அதான் ஜப்பான எதிர்த்த கெரில்லாங்க, எறங்கி ஊர் ஊரா புடிச்சாங்க. ஜப்பானுக்கு ஒத்துழைச்சவன்னு சொல்லி விசாரணை, சில எடத்துல விசாரணை கூட இல்ல.

யாரு ஒத்துழைச்சவன்? பட்டியல் வாசிச்ச தண்டல்.

மூணாவது லயம்

ஆமா. அந்த ரெண்டு வாரம்தான் உங்க கதைக்கு கடைசி. லயத்துக்காரங்ககிட்ட வந்து கேப்பான், யார் பேர் வாசிச்சான்னு. முப்பது வீட்டுல ஒரு வீடு வாய தொறந்தா போதும். யார் சொல்றது, யார் சொல்லாம இருக்கறது? இப்ப பட்டியல் அந்த பொம்பளைங்க கைல. நெருப்பு வாங்க வராம போனாங்களே பக்கத்து வீட்டம்மா, அவங்ககிட்ட கேக்கட்டும்.

எங்க வீட்ல சொல்லியிருப்பாங்க. உங்க கதையில என்னன்னு நீங்க முடிவு பண்ணுங்க.

பழுப்புக்காகிதம்

ஐயா, நீங்கதான் இந்த நாவலுக்கு எடிட்டர். நான் விலகிக்கறேன்.

சுங்கை மழை

ஜப்பான்காரன் அடிச்ச வாழமர நோட்ட மறந்துடாதீங்க. பத்து வெள்ளி நோட்டுல வாழமரம் போட்டிருக்கும். கோழிக்கு பதிலா காசு வாங்கியிருந்தா தண்டல் அத ட்ரங்கு பொட்டில அடுக்கி வச்சிருப்பார். வெள்ளக்காரன் வந்ததும் ஜப்பான் காசு செல்லாதுன்னுட்டான், கத்தை கத்தையா குப்பைக்கு போச்சு, புள்ளைங்க வச்சு கடை வெளயாடுச்சு. ஆனா ஜாக்கிரதை, இத "பாவத்துக்கு தண்டனை" மாதிரி எழுதிடாதீங்க, நல்லவன் காசும்தான் போச்சு.

கித்தாக்காட்டான்

சரி, முடிவு பண்ணிட்டேன். ரெண்டு மாமனும் காலி. ரயில் பகுதி காலி, மூத்தவன் வண்டி ஏறுறதோட நம்ம கண்ண விட்டு போறான், திரும்பறானா இல்லையான்னு நாவலுக்குள்ள சொல்ல போறதில்ல. பட்டியல் ரெண்டு தடவை வருது, ரெண்டு தடவையும் சின்னவன் கையெழுத்துல. பொண்ணு சிங்கப்பூர் போற வரைக்கும் இருக்கு, பர்மா இல்ல, பாக்கெட்ட நிச்சயம் வைக்கறேன் அக்கா. கடைசி பகுதி அந்த மூணு நட்சத்திர வாரங்கள். தேறினா 250 பக்கம்.

டிக்டேஷன் சீனுக்கு இப்பதான் ஒரு வரைவு எழுதினேன், ஒரு துண்டு:

"அடுத்தது," என்றார் அப்பா. பையன் சிலேட்டைத் தொடையில் சாய்த்துக்கொண்டான். "கோடி வீட்டு முனியாண்டி." பலப்பம் கிறீச்சிட்டது. "ரெண்டு சுழியா மூணு சுழியாப்பா?" அவர் பதில் சொல்லவில்லை. அடுப்பருகில் அம்மா கிழங்கு துருவுவதை நிறுத்தினாள். "மூணு சுழி," என்றாள் அவள், திரும்பாமலே.

வைகைக்கரை வாசகி

அம்மா சொல்றாங்க பாருங்க, அவங்களும் உள்ள வந்துட்டாங்க. இத தொடாதீங்க.

மூணாவது லயம்

நல்லாருக்கு. சிலேட்டு வேணாம், அழிஞ்சு போகும், அது காயிதமா இருக்கணும், தொரை ஆபீஸ்ல போட்டுட்டு போன பழைய செக்ரோல் புக்கோட (வேலைக்கு வந்தவங்க பேர் பதியற புக்கு) பின்பக்கம். மூணு நட்சத்திரக்காரன் வர்றப்ப அது எங்க இருக்குன்னு வீட்ல தேடணும்ல.

கித்தாக்காட்டான்

செக்ரோல் புக்கு! மாத்திட்டேன் ஐயா.

போர்ப்பைத்தியம்

மூத்தவன் வண்டி ஏறுற எடத்துல பயணிகள் வண்டின்னு எழுதியிருந்தா மாத்துங்க, அடைச்ச சரக்குப்பெட்டி, உக்காரக்கூட எடம் பத்தாது, சயாம் போய் சேர நாலஞ்சு நாள். ஸ்டேஷன் கடிகாரம் டோக்கியோ நேரம் காட்டட்டும்.